தேக்கிலை வீடு

ஒரு தேக்கு மரத்தில் தையல்சிட்டு ஒருத்தி, இலைகளைச் சிலந்தி நூலால் தைத்து மற்றவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து வந்தாள். இப்போது அவள் வயிற்றில் முட்டை. அணிலம்மாவின் வீட்டை முடித்துவிட்டுத் தன் வீட்டைத் தைக்கலாம் என்றிருந்தாள்.

“உன் இஷ்டம்போல செய் கண்ணு” என்றிருந்த அணிலம்மா, முடிந்ததும் வந்து பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா வாசல் கிழக்கே இருக்கணுமாம். நாத்தனார் சொல்றா.”

சிட்டு தையலைப் பிரித்து வாசலைத் திருப்பினாள்.

“என்னடி, வெயில் மூஞ்சியில அடிக்குதே?”

“நாத்தனார் சொன்னாங்கன்னு நீங்கதானேக்கா...”

“அவ சொல்லுவா. அவளா இங்க இருக்கப்போறா?”

தப்பு தன்மேல்தானோ என்று குழம்பியபடி சிட்டு மறுபடி பிரித்தாள், தைத்தாள். குத்தின இடத்திலேயே குத்தியதில் இலை கிழிந்து தொங்கியது. அதற்குள் முட்டையிடும் நேரம் வந்துவிட்டது. வேறு போக்கிடம் இல்லை. கிழிசலில் பஞ்சை அடைத்து, அங்கேயே முட்டையிட்டு, பயந்துபோய் அதன்மேல் உட்கார்ந்தாள்.

அணிலம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

“இதேதான்! மொதல்லேருந்து இதைத்தானே சொல்லிட்டிருந்தேன்? இப்பதான் வீடு மாதிரி இருக்கு!”

எதைச் சொல்கிறாள்? கிழிசலையா, பஞ்சையா? சிட்டுக்கு ஒன்றும் புரியவில்லை.

“சரி, எப்போ குடி வரட்டும்?”

“இதுல ஆள் இருக்குக்கா” என்று ஒரு குரல் கேட்டது.

அது தன் குரல்தானா என்று சிட்டுக்கே சந்தேகமாக இருந்தது.