நாலாவது மூலை

அறைக்குள் சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அடிக்கிற கிரவுன் மோல்டிங் என்ற அலங்காரச் சட்டத்தை, மூலைக்கோணம் வெட்டும் மைட்டர் ரம்பத்தில் தலைகீழாக வைத்து அறுக்க வேண்டும். டுவைட் அதை மறந்து மறந்து மூன்று சட்டங்களை விறகாக்கியிருந்தான்.

"அந்த மூலை இடுக்குல எலி குடும்பமே நடத்தலாம்," என்றாள் அவன் மனைவி மார்லீன். "ஞாயித்துக்கிழமை ஆளுங்க வந்துடுவாங்க, ஞாபகம் இருக்கா?"

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் புடி."

நாலாவது மூலை, முடிகூட நுழையாமல் கச்சிதமாகப் பொருந்தியது. டுவைட் ஏணியிலேயே ஒரு ஆட்டம் போட்டான்.

"கை பழகிடுச்சுடி! இனி நம்ம வீட்டு ஹால்ல தைரியமா ஆரம்பிக்கலாம்."

"ஆரம்பிக்கலாம். மொதல்ல இந்த வீட்டுக்காரங்க செடிங்களுக்குத் தண்ணி ஊத்து. ஃப்ளோரிடா போறப்ப நம்மகிட்ட சாவி குடுத்தது அதுக்குத்தான்."