பூசை போட்ட குலுக்கி

ஆய்வுக்கூடத்துக் குலுக்கி எந்திரத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடக்கின்றன. ஆயுத பூசைக்காக நேற்று அதை நிறுத்திப்போட்ட அட்டெண்டர் சிவசைலம் பக்கத்திலேயே நிற்கிறார். பாளையங்கோட்டை வெயில் சன்னல் வழியாக வந்து எந்திரத்தின் மேலிருக்கும் குடுவையில் விழுகிறது. உள்ளே ஆய்வு மாணவி அனுராதா வளர்க்கும் பாக்டீரியா. மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக்கைத் தானே செய்து தன் உடம்புக்குள் சேர்த்துவைக்கட்டும் என்று வேறொரு பாக்டீரியாவின் மரபணுவை அதற்குள் புகுத்தியிருக்கிறாள். இதுவும் தோற்றால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

"குலுக்கலைன்னா அதுக்குக் காத்து கிடைக்காதே. இப்படிப் பண்ணிட்டியளே, அண்ணாச்சி!"

"வருசம் பூரா ஆடுத மெஷினு, தாயி. பூசையன்னைக்கும் ஆட்டுனா சாமிக்கே பொறுக்காதுல்லா?"

அவள் குடுவையிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, அந்தப் பிளாஸ்டிக்கில் மட்டும் பிடிக்கும் கறுப்புச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கிறாள். திருகைப் பைய நகர்த்த, மங்கல் விலகுகிறது. ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும், வெண்டைக்காய்க்குள் விதைபோல, கறுத்த மணிகள் அடைந்து கிடக்கின்றன. அவ்வளவும் பிளாஸ்டிக். காற்றில்லாத தவிப்பில்தான் சேர்த்திருக்கின்றன.

சிவசைலத்தின் கை சுவிட்சுக்குப் போகிறது. "போட்டுரட்டுமா, தாயி?"

"வேண்டாம், அண்ணாச்சி," கண்ணை எடுக்காமலே சொல்லுகிறாள். "இன்னைக்கும் லீவு விடுங்க."