விற்காத ராசப்பன்

ராசப்பன் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். மணம் வந்து மூக்கில் ஏறியதும் மாரிச்செல்வத்துக்குத் தன் போசியிலிருந்த புளிச்சோறு பிடிக்காமல் போய்விட்டது.

இருவருக்கும் அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனி. ராசப்பன் கட்டிங் மாஸ்டர், மாரி அயர்ன் மாஸ்டர். மாதப் பிறப்பில் இருவரும் ஒரே நாளில், ஒரே இரண்டு ரூபாய் ஷேரை வாங்கினார்கள். அந்தக் கம்பெனி எதைச் செய்து விற்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஷேர் கொஞ்சம் இறங்கியதும் மாரி பயந்து விற்றான். விற்ற மறுநாளே ஏறியது. வயிறு எரிந்து, பொண்டாட்டியின் தோட்டை அடகு வைத்து, கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கினான். ராசப்பனோ இறங்கியபோதும் விற்கவில்லை, ஏறியபோதும் விற்கவில்லை.

அடுக்கிய துணியை ஒரே மூச்சில் வெட்டுகிறவன். அவனுக்குக் கையும் நடுங்காது, நெஞ்சும் நடுங்காது. 'நமக்கு மட்டும் ஏன் கோழி நெஞ்சு?' என்று மாரி தன்னையே திட்டிக்கொண்டான்.

ராசப்பனின் பவிசும் மாறியிருந்தது. இப்போதெல்லாம் சோறு கட்டிவருவதே இல்லை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். சட்டையைக்கூட வெளியே துவைக்கப் போடுகிறானாம். காசு வந்தவன் வீட்டு ரசத்தையா நக்குவான்?

மாரி போனைப் பார்த்தான். ஷேர் மளமளவென்று சரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, எறங்குதுண்ணே! விக்கலையா?"

"இல்லீங்க."

"எம்புட்டு எறங்குது, பாருங்கண்ணே!"

"போனைக் கீழ வெச்சுட்டுச் சோத்தைத் தின்னுங்க மாரி. அதென்ன காய்ச்சல்ல கெடக்கற கொழந்தைங்களா, நிமிசத்துக்கொருக்கா தொட்டுப் பாக்கறதுக்கு?"

மாரியின் விரல் விற்கும் பட்டன் மேலேயே நின்றது. இப்போது விற்றால் தோட்டையாவது மீட்டுவிடலாம். ஆனால் விற்ற மறுநாள் மறுபடி ஏறிவிட்டால்? இந்த ஆள் ஆட்டுக்கறியாகத் தின்பான், தான் வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தோடு போனால் போகிறது. ராசப்பன் மட்டும் ஜெயிப்பதைத்தான் அவனால் தாங்க முடியாது.

விரலை எடுத்துவிட்டான்.

சோற்றுப்போசியைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது, அந்த ஷேரை வாங்க நாட்டில் ஒரு ஆள் இல்லை. இனி நினைத்தாலும் விற்க முடியாது.

மாரி போனை ராசப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினான். "என் தோடு போச்சுண்ணே! உங்களை நம்பித்தான்ணே விக்காம இருந்தேன். எப்படிண்ணே நீங்க மட்டும் இம்புட்டுத் தெம்பா உக்காந்திருக்கீக?"

ராசப்பன் மிச்சப் பிரியாணியை அப்படியே சுருட்டி எறிந்தான்.

"தெம்புங்களா? வாங்குன அடுத்த நாள்ல இருந்து, வித்துத் தொலைக்கோணும்னு ராப்பகலாத் தவிக்கறனுங்க! இந்தக் கருமத்தை வாங்குனதுக்குத்தான் என்ற ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் பெருமாநல்லூர் போயிட்டா. போன் பண்ணுனா எடுக்கறதில்லீங்க."

"அதுக்கும் நீங்க விக்காததுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஓடிபி அவ போனுக்குத்தானுங்க வருது!"