பால்குடி மறக்காத கடுவன்

"இருபத்து மூணு குரங்கும் குட்டியா?"

பாரஸ்ட் கார்டு கர்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமாவது ஒரு வளர்ந்த குரங்கு இருக்காதா என்ற நப்பாசைதான்.

"ஆமாங்க" என்றார் பிலவேந்திரன் வாத்தியார்.

பண்ணைப்புரத்துக் கடலைக்காடுகளைக் குரங்குகள் அழிக்கின்றன என்று ஊரே கைநாட்டு வைத்து மனுப் போட்டிருந்தது. யுத்த காலம், தோட்டாவுக்குப் பஞ்சம். வளர்ந்த குரங்குக்குத் தலைக்கு ஒரு தோட்டா, குட்டிகளைத் தொடவே கூடாது என்று மேலிடத்து உத்தரவு. எது வளர்ந்தது, எது குட்டி என்று எழுதிக் கொடுக்கும் வேலை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தலையில் விழுந்தது. துப்பாக்கிக்காரர் நாளைக் காலையில் வருகிறார்.

எதிரே வேப்பமரத்தில் ஒரு கடுவன் குரங்கு, முழு ஆண், உட்கார்ந்திருந்தது. அதன் கனத்தில் கிளை தரையைத் தொடப் பார்த்தது.

"இது?"

"பால்குடிங்க."

கடுவன் நிதானமாகக் கொட்டாவி விட்டது. அதன் கோரைப்பற்களைப் பார்த்துக் கர்ணன் இரண்டடி பின்னால் போனார்.

"பால்குடிக்கு இந்தப் பல்லா?"

"சிலதுக்குச் சீக்கிரம் முளைச்சிரும்" என்றார் வாத்தியார், தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி.

பக்கத்தில் நின்ற மலைச்சாமி துண்டை உதறினார். மனுவில் முதல் கைநாட்டு அவருடையதுதான். "பாத்தீகளாய்யா? என் கடலைக்காட்டுல அரைக் குறுக்க நெலம் போச்சு! வாத்தியாருக்கென்ன, காடா கரையா? சுட்டுத் தள்ளச் சொல்லுங்க. ஏலே, இறங்குடா!" என்று ஒரு கல்லை எடுத்து எறிந்தார். கல் அடுத்த தெருவில் போய் விழுந்தது.

"பொய் எழுதினா வேலை போயிரும், தெரியுமில்ல வாத்தியாரே?" என்றார் கர்ணன். "பஸ் வர்றதுக்குள்ள நானே புதுசா எழுதுறேன். அப்புறம் உங்க பாடு."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மலைச்சாமியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கர்ணன் ஊர்ச்சாவடியில் தாளை விரித்த ஐந்தாவது நிமிஷம் மொக்கம்மாள் வந்து நின்றாள்.

"சாமி, தாராளமாச் சுடுங்க. சனியன் பிடிச்சதுக. ஆனா அந்த ஒத்தைக்காது மந்தி மட்டும் குட்டிங்க."

"அது வயித்துலயே ஒரு குட்டி தொங்குதே?"

"தொங்கட்டும். அதுக்குப் பால் மறக்கடிச்சது நேத்து மாதிரி இருக்கு. மூணு நாளு ஆத்தா பின்னாடியே கத்திக்கிட்டு அலைஞ்சுச்சு. எனக்கே சோறு இறங்கலை."

அடுத்து சுருளியாண்டி, நொண்டிக் கடுவனுக்காக.

"பொறந்தப்ப மை மாதிரிக் கறுப்புங்க, மூஞ்சி மட்டும் ரோஸ். ஆறாம் மாசம் முடி வெளுத்துச்சு. ரெண்டாம் வருசம் மரத்துலருந்து விழுந்துச்சுங்க. அதோட வளத்தி நின்னு போச்சு."

"இம்புட்டு உசரம் இருக்கேய்யா!"

"உசரம் வளந்துச்சு. புத்தி வளரலை. எம் மச்சினன் மாதிரி."

பஞ்சம்மாள் ஒரு சினைக்குரங்குக்காகப் பேச வந்தாள். "வயித்துல இருக்கிறது குட்டிதானே? ரெண்டையும் சேத்து ஒரு குட்டின்னு எழுதுங்க."

அதற்குப் பிறகு வரிசையே வந்தது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்தவர்கள், சாவடி வாசலில் முட்டிக்கொண்டதும் வழி தவறி வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாரும் தொடங்கிய விதம் ஒன்றுதான். "சுடுங்க, ஆனா..."

கர்ணன் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். பொழுது சாயும்போது இருபத்திரண்டு குட்டிகள் சேர்ந்திருந்தன.

பாக்கி வேப்பமரத்துக் கடுவன் ஒன்றுதான். அதற்கென்று ஒருவரும் வரவில்லை. அப்பாடா! ஆபீசில் காட்ட ஒரு குரங்காவது கிடைத்ததே. இல்லையென்றால் வாத்தியாரோடு சேர்த்துத் தன் வேலைக்கும் அல்லவா சீட்டுக் கிழியும்? 'வளர்ந்தது - 1' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. படியில் கால் வைத்தவரின் சட்டையை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள்.

மலைச்சாமி!

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அந்த வேப்பமரத்துப் பய எங்கிணத்து மேட்டுலதான் பொறந்தான். முதப் பல்லு முளைச்சப்ப என் செருப்பைத்தான் கடிச்சுப் பாத்தான். போன வருசம் வரைக்கும் ஆத்தா வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அவனைப் போயி வளந்துட்டான்னு எழுத எப்படிங்கய்யா மனசு வந்துச்சு? வாத்தியாரு எழுதினது வாஸ்தவந்தான். நான்தான் எழுதச் சொன்னேன்."

"ஏன்யா, அரைக் குறுக்கம் போச்சுன்னு காலையில நீங்கதானே குதிச்சீக?"

"வளர்ற பய. திங்கத்தானேய்யா செய்வான்?"

கண்டக்டர் அவசரப்படுத்தினார். கர்ணன் தன் தாளைக் கிழித்துப் போட்டார். வாத்தியாருடைய தாளை எடுத்து, பஸ்ஸின் தகரத்தில் வைத்து, 'சரி பார்த்தேன். எல்லாம் குட்டிகள்' என்று கையெழுத்துப் போட்டார்.

"அப்ப மனுவையும் வாபஸ் வாங்கிக்கிறீகளா?"

மலைச்சாமி பதறிப் போனார்.

"ஐயய்யோ, மனு இருக்கட்டுங்கய்யா! கண்டிச்சு வளக்கலைன்னா பயலுக கெட்டுப் போயிருவானுக!"