ஒரு டேங்குக்கு ரெண்டு நடை

லிவர் வழுக்காமல் போய் விழுந்தது. அருணாசலம் அதை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார். ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கிற அந்த லிவரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவரை உடைத்தது.

"நல்லாத்தான் விழுது பாய்," என்றார். ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் அலி அஸ்கர் டார்ச்சை முன்பக்கமாகத் திருப்பினார்.

போன ஐப்பசியில், பாபநாசம் மலைக்கு மேலே எஸ்டேட்டில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காட்டோடையில் தண்ணீர் ஏறிவிட்டது. ஜீப் நடு ஓடையில் நின்று, பின்சக்கரங்களால் மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தது. அருணாசலத்தின் கைக்கு ஒரு மர வேர் அகப்பட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவர் மனைவி தங்கத்தாயின் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

லிவரைப் போட்டிருந்தால் ஜீப் கரையேறியிருக்கும் என்று ஊர் சொன்னது. "பதட்டத்துல போட மறந்துட்டான், பாவம்," என்று ஜீப் முதலாளி கோமதிசங்கர் அண்ணாச்சி, தங்கத்தாயின் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்த இடத்தில் வைத்தே சொன்னார். போட்டதாகத்தான் அருணாசலத்துக்கு ஞாபகம். ஆனால் பத்து மாதமாக எல்லோரும் சொல்லச் சொல்ல, அந்த ஞாபகமும் சோப்புக்கட்டி மாதிரி கரைந்துகொண்டு வந்தது.

ஒருத்தன் மட்டும் மாறவில்லை. தங்கத்தாயின் தம்பி சிவசைலம். அதே ஜீப்பை அவரோடு வாரம் மாற்றி ஓட்டியவன். "அத்தான் லிவரப் போட்டிருப்பாவ. எங்கக்கா மேல சத்தியமா சொல்லுதேன்," என்று அத்தனை பேர் நடுவிலும் நின்று சொன்னான். பிறகு அவரோடேயே வந்து தங்கி, பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒரு வார்த்தையில்தான் அருணாசலத்தின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

சேறும் சகதியுமாக ஷெட்டில் கிடந்த ஜீப்பை, விற்பதற்காக இன்றைக்குத்தான் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

"வே, இங்கன குனிஞ்சு பாரும். முன் ஷாஃப்ட் எங்க?" அடியிலிருந்து அலி அஸ்கர் குரல் கொடுத்தார்.

அருணாசலம் குனிந்து பார்த்தார். என்ஜினின் இழுவையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டு இருக்கவேண்டிய இடம் வெறிச்சென்று இருந்தது.

"வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருக்கும் பாய்."

"ஆமா, வெள்ளம் கையில ஸ்பேனரோடல்லா வந்திருக்கு. போல்ட்டு பூராத்தையும் கழட்டி, கிரீஸ அப்பி, டியூப் துண்டச் சுத்தி, கம்பி போட்டு இறுக்கிட்டுப் போயிருக்கு." அலி அஸ்கர் ஊர்ந்து வெளியே வந்து கையைத் துடைத்தார். "டீசல் மிஞ்சணும்னு கழட்டிருதானுவ. முன்பக்கத்துக்குப் பாரம் இல்லைன்னா ஒரு டேங்குக்குக் கொஞ்சம் கூடவே ஓடும். மலையில பங்க் கெடையாதுல்லா. ஆனா அதுக்கப்புறம் லிவரப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்."

அருணாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, எம்மேல தப்பில்ல."

"ஒம்மேல இல்ல வே." பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அலி அஸ்கர் அவர் தோளை அழுத்திவிட்டுத் தொழப் போனார்.

அவர் போன கையோடு, சிவசைலம் தூக்குச்சட்டியுடன் சைக்கிளில் வந்து இறங்கினான். "புளிக்கொழம்பு அத்தான். உப்பு கூடிப்போச்சு. நொட்டம் சொல்லாமச் சாப்பிடுங்க."

"ஏலே, முன் ஷாஃப்ட்ட எவனோ கழட்டியிருக்காம்லே. லிவரு போட்டும் பிரயோசனம் இல்லாமத்தான் அன்னைக்கு வண்டி நின்னுருக்கு."

சிவசைலம் ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. தூக்குச்சட்டியை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான்.

"எவனோ என்ன, அண்ணாச்சிதான்," என்று அருணாசலமே மேலே பேசினார். "'ஒரு டேங்குக்கு ரெண்டு நடை போய்ட்டு வரணும், இல்லைன்னா வேற டிரைவரப் பாத்துக்கிடுதேன்'னு என்னைய பஜார்ல வச்சுச் சொன்னாருல்லா? அடுத்த மாசமே ரெண்டு நடை வந்துச்சு. நானும் நம்ம கைப்பதம்னு நெனச்சு நெஞ்ச நிமித்திக்கிட்டு அலைஞ்சேன். எல்லாம் அவரு பாத்த வேல. துஷ்டிக்கு வந்து என்னையக் கட்டிப் புடிச்சு அழுதாரே, அந்த மனுசன்."

"விடுங்க அத்தான். போனவ திரும்பியா வரப்போறா?"

"நீ பேசுவ. பத்து மாசமா அவ படத்த நான் நிமிந்து பாக்கலலே. வெளக்கேத்தக் கூட ஒன்னையத்தான சொன்னேன்." அருணாசலம் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்திருந்தது. "இப்பவே அண்ணாச்சி கடைக்குப் போறேன். நாலு பேரு முன்னால வச்சுக் கேக்கேன். நீயும் கூட வா. என்னைய நம்புன ஒரே ஆளு நீதான், நீ பக்கத்துல நிக்கணும்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். சிவசைலம் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விடுலே."

அவன் விடவில்லை. முகத்தையும் நிமிர்த்தவில்லை.

"மழைக்கு முந்தி ஷாஃப்ட்டத் திருப்பி மாட்டிரலாம்னுதான் அத்தான் இருந்தேன்."