காது திறந்தே இருக்கும்

“நீங்க கடை நடத்துறீங்களா, இல்ல எமனுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறீங்களா?”

கேட்டபடியே கணக்கு வாத்தியார் ஹெட்ஃபோன் பெட்டியைக் கண்ணாடி மேஜை மேல் பொத்தென்று வைத்தார். ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள். சேறு அப்பிய ஷூ, அரைக்கால் சட்டை, இடது முழங்காலில் ஈரம் காயாத சிராய்ப்பு. அந்தக் கோலத்திலேயே வந்திருந்தார்.

கடைப் பெண் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் இறங்கிவிடும்.

“போன மாசம் என்ன சொல்லி வித்தே? காதுக்குள்ள எதையும் சொருக வேண்டாம், காதுக்கு முன்னால எலும்பு மேல வெச்சா போதும், பாட்டு எலும்பு வழியா போயிடும், காது அது பாட்டுக்கு ரோட்டைக் கேட்டுட்டு இருக்கும்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன் சார்.”

“அட்டையில கொட்டை எழுத்துல வேற போட்டிருக்கான், காது திறந்தே இருக்கும்னு! காலையில ஓடிட்டு இருக்கேன், பின்னால தண்ணி லாரி. நாலு தடவை ஹாரன் அடிச்சானாம். எனக்கு ஒண்ணுகூட கேட்கல. கடைசி நொடியில அவன் ஒடிச்சான், நான் பள்ளத்துல விழுந்தேன். இறங்கி வந்து, ‘வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா’ன்னு கேட்கிறான். இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தினவனைப் பார்த்துக் கேட்கிறான்!”

அவள் தலையைக் குனிந்து பெட்டியைத் திறந்தபடி ஏதோ சொன்னாள்.

“என்ன?”

“பாட்டை ரொம்ப சத்தமா வெச்சிருந்தீங்களான்னு கேட்டேன் சார்.”

“அதானே! பழியைத் தூக்கி என் தலையில போடு. பாட்டுல நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பழைய ஹெட்ஃபோன்ல பஞ்சுக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும். இதுல பாடகர் மூச்சு இழுக்கிறதுகூட கேட்குது. ரோடு கேட்கல, அதுதான் புகார்.”

அவளே அதை மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி நின்று கேட்டுப் பார்த்தாள். திரும்பாமலே மறுபடியும் ஏதோ சொன்னாள். தப்புச் செய்தவர்களுக்குக் குரல் எங்கே எழும்பும் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

“வாய்க்குள்ளயே பேசாதேம்மா! என் வகுப்புலயும் இப்படித்தான். விடை தெரியாத பசங்க எல்லாம் முணுமுணுன்னுதான் பேசும்.”

“இதுல கோளாறு எதுவும் தெரியல சார்.” இந்த முறை அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

“தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்? வீட்ல முழங்காலைப் பார்த்துட்டு, நாளையிலிருந்து ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு உத்தரவு போட்டாச்சு. முந்நூறுல நின்ன சர்க்கரையை ஓடி ஓடி இறக்கி வெச்சிருக்கேன், தெரியுமா? கோளாறு பொருள்லதான்னு கைப்பட எழுதிக் குடு. அதைக் காட்டினாத்தான் நாளைக்கு ஷூ கையில வரும்.”

அவள் ஹெட்ஃபோனை நீட்டி, மாட்டிப் பாருங்கள் என்று சைகை காட்டினாள். அவர் வேண்டாவெறுப்பாக மாட்டினார். மாட்டிய கையோடு போன் அடித்தது. மனைவி.

“சொல்லு. ஆமா, கடையிலதான். விடுவேனா? சரி, வெங்காயம் ஒரு கிலோ. நூல்கண்டு, வெள்ளை. பால் வெள்ளை இல்ல, பழுப்பு வெள்ளை. சரி சரி.”

வாசலில் ஒரு வேன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி வந்தது. கடைப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் பழுப்பு வெள்ளையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டிருந்தார்.

“பாரு, போன்ல எவ்வளவு தெளிவா பேசுறா! நேர்ல இவளும் முணுமுணுதான். ஊரே சேர்ந்து ஒரு வழக்கமா வெச்சிருக்கீங்க.”

அவள் வாசல் வேனையும் அவர் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவருடைய ரசீதை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனாள்.

“போ, முதலாளியைக் கூப்பிடு! எனக்கென்ன பயமா?” என்று வாசலைப் பார்த்து நின்றுகொண்டார் வாத்தியார்.

மறுபடியும் போன் அடித்தது. தெரியாத எண்.

“வணக்கம் சார். காலையில நடந்ததைப் பத்தி ஒரு விஷயம் பேசணும். காலை அசைக்க முடியுதா சார்?”

வாத்தியார் நிமிர்ந்தார். கம்பெனியிலிருந்துதான்! முதலாளி பயந்துபோய் மேலே சொல்லிவிட்டான்.

“முடியுதும்மா. அடடா, இப்படித்தான் பேசணும்! வார்த்தை வார்த்தையா, சுத்தமா. இங்கே கடையில ஒரு பொண்ணு இருக்கு. எதைக் கேட்டாலும் வாய்க்குள்ளயே பதில். முதல்ல அதுக்குப் பேசக் கத்துக் குடுங்க.”

“நான் பேசுறது நல்லா கேட்குதா சார்?”

“கணீர்னு கேட்குது. பக்கத்துல நின்னு பேசுற மாதிரி.”

“பக்கத்துலதான் சார் நிக்கிறேன். கொஞ்சம் திரும்புங்க.”

திரும்பினார். மூன்றடி தூரத்தில், ஒரு கையில் அவருடைய போன் எண் எழுதிய ரசீதும் காதில் போனுமாகக் கடைப் பெண் நின்றிருந்தாள்.

“நான் பேசிக்கிட்டே இருக்கேன். அதை மெதுவா கழட்டுங்க சார்.”

கழற்றினார். அவள் உதடுகள் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தன. அந்தக் கணீர்க் குரல் மட்டும் எங்கோ பஞ்சுக்குள்ளிருந்து முணுமுணுத்தது.