பிளாஷ் வேண்டாம்

"பிளாஷ் கிளாஷ் ஒண்டும் அடிக்கப் படாது. சொல்லிட்டன்!"

கலியாண வீட்டு வாசலிலேயே சித்தி லெய்லா மறித்துச் சொன்னதும் படம் பிடிக்க வந்த மஸாஹிர் கமெராப் பையை இறக்கி வைத்தான். அவர் மாப்பிள்ளையின் உம்மா; 'சித்தி' என்பது பெயர்தான், ஊருக்கு அவர் சாச்சி. கண்டக்குழியில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது.

"சாச்சி, வெளிய மழை இருட்டு. பொண்ணு ஈக்கிற அறையில ஒரு குப்பி விளக்குத்தான். பிளாஷ் இல்லாம எப்பிடி?"

"ஏன், உங்களுக்குத் தொழில் தெரியாதா?"

வீட்டில் இருந்த ஒரே பெட்ரோமாக்ஸும் நிக்காஹ் எழுதும் பந்தலுக்குப் போய்விட்டது.

மணப்பெண் ரம்ஸியா மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, மூன்று வருடமாக அகதி முகாமில் இருந்தவள். அவளுக்கென்று மிச்சமிருந்தது சவூதியில் வேலை செய்யும், கூடப்பிறந்த ஒரு நானாதான். 'எனக்கு லீவு இல்லை. தங்கச்சிட முகத்தத் தெளிவா எடுத்து அனுப்புங்க' என்று அவன் எழுதிய கடிதம் மஸாஹிரின் சட்டைப் பையில் இருந்தது.

'விளங்குது, சாச்சி. முகாம்ல பொண்ணு எடுத்தது வெட்கம். அவள்ட வெறுங்கழுத்து படத்துல விழுந்துடும் எண்டு பயம்!' என்று மனதுக்குள் கறுவினான் மஸாஹிர்.

கமெராவில் இருந்தது ஒளி வாங்கும் வேகம் நானூறு என்ற பிலிம். அதை ஆயிரத்தறுநூறு என்று கணக்குப் பண்ணி எடுத்து, கழுவும்போது மருந்தில் கூடுதல் நேரம் ஊறவிட்டால் இருட்டிலும் உருவம் விழும். ஆனால் முகத்தில் மணலை அள்ளி எறிந்ததுபோல் புள்ளி புள்ளியாக வரும். கொஞ்சம் கை ஆடினால் அதுவும் போச்சு.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். மாப்பிள்ளை தாலி கட்டும்போது எடுத்தான். பெண் குனிந்தபோது எடுத்தான். எது விழுந்ததோ, எது விழவில்லையோ! படம் பிழையாகிப் போனால் இந்தப் பிள்ளையை இன்னொரு தரம் மணப்பெண்ணாக உட்கார வைக்க முடியுமா?

மாப்பிள்ளையைத் திரும்பப் பந்தலுக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் சஹன் என்னும் பெரிய தட்டுகளைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அறையில் ரம்ஸியாவும், பக்கத்தில் காவல்காரர் மாதிரி சித்தி லெய்லாவும்தான்.

பிலிமில் ஒரே ஒரு படம் பாக்கி.

சித்தி லெய்லா ஜன்னலைச் சாத்தத் திரும்பினார். மஸாஹிர் துவாய்க்குள் ஒளித்து வைத்திருந்த பிளாஷை எடுத்துக் கமெராவில் பொருத்தினான். ஏச்சுத்தானே விழும், விழட்டும். அந்த நானாவுக்கு ஒரு தெளிவான முகமாவது போய்ச் சேரட்டும்.

"தங்கச்சி, இஞ்ச பாருங்க."

பளீர்!

உட்கார்ந்திருந்த கதிரையில் பெண்ணைக் காணவில்லை.

ரம்ஸியா நிலத்தில் குப்புறக் கிடந்தாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். வெளிச்சத்தைக் கண்டால் சத்தம் வருமுன் விழுந்து படுக்க வேண்டும் என்று யுத்தம் பழக்கிவிட்ட உடம்பு அது.

அவளுக்கு மேலே, பட்டுச் சேலையோடு கவிழ்ந்து படுத்திருந்தார் சித்தி லெய்லா.

"ஷெல் இல்ல மகள்... கமெராதான். மாமி ஈக்கிறன், மாமி ஈக்கிறன்..."

மஸாஹிர் பிளாஷைக் கழற்றினான். "சாச்சி... உங்களுக்கு முந்தியே..."

"பொண்ணு பாக்கப் போன அண்டைக்கு மின்னல் ஒண்டு வெட்டினதுக்கும் இப்பிடித்தான் விழுந்திச்சு." அவர் தலையை நிமிர்த்தவில்லை. குரல் மட்டும் கெஞ்சியது.

"கெதியாக் கதவச் சாத்துங்க மகன். மாப்பிள்ள வீட்டாக்கள் கண்டா எண்ட புள்ளையப் பைத்தியம் எண்டுருவாங்க!"